அமல்ராஜ் அண்ணனைக் கொஞ்சம் இறக்கியது

போன மாதம் உத்தமபாளையத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். சவுண்டு சர்வீஸ் நடத்துகிறவர். நான் விட்டுவிட்டு வந்த வேலையைத்தான் இப்போது அவர் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு மிக்ஸரை வைத்துச் செய்கிறார். எங்கள் பழைய இன்னிசைக் குழு புது ஆட்களோடு மறுபடி மேடை ஏறியிருக்கிறதாம். முதல் கச்சேரி முடிந்த மறுநாளே கம்பத்தில் சண்டை தொடங்கிவிட்டதாம்.

"பழைய சவுண்டு வரலண்டு பாதிப் பேரு, இதாண்டா சவுண்டுண்டு பாதிப் பேரு. இருபது வருசத்துக்கு மேல மிக்ஸர்ல இருந்தவுக நீங்க. நீங்க சொன்னா கேப்பாக. எதுண்ணே நல்ல சவுண்டுண்டு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்ட தீர்ப்பு இதில் இருக்காது. ரசிகர்களின் காதைப் பற்றி எனக்கு இருந்த மரியாதை ஒரு மாலையில் போய்விட்டது. என் கையைப் பற்றி இருந்தது அதற்கு முன்பே போய்விட்டது. இதில் வருகிற இரண்டு பெரியவர்களும் இப்போது இல்லை, அதனால்தான் எழுதவே கை வருகிறது.

நான் வேலை கற்றது போடியில் ஒரு மைக்செட் கடையில். நாலு வருடம் கல்யாண வீடுகளுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். நிறைய ஷாக் அடித்தது. அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து என்னைக் கம்பத்துக்குக் கூட்டிவந்தவர் காதர் மாஸ்டர். குழுவின் தலைவர், கிட்டார்காரர். மற்ற குழுக்கள் தபலாவையும் வயலினையும் நம்பியிருந்தபோது மாஸ்டர் கிட்டாரையும் டிரம்ஸையும் நம்பினார். சினிமாப் பாட்டுதான் சோறு போட்டது, ஆனாலும் ஒவ்வொரு கச்சேரியிலும் சொந்தமாகக் கட்டிய நாலு பாட்டு கட்டாயம் உண்டு. தேனியிலிருந்து குமுளி வரை அந்த நாலு பாட்டுக்காக வந்தவர்கள் இருந்தார்கள்.

டிரம்ஸில் அமல்ராஜ் அண்ணன். அனுமந்தன்பட்டிக்காரர். கோயில் பாண்டு வாத்தியத்தில் ஆரம்பித்தவர். வேகப்பாட்டு முடியும் இடத்தில் எழுந்து நின்று ஒரு உருட்டு உருட்டுவார், குச்சியை மேலே எறிந்து பிடிப்பார். ஊர்க் கமிட்டிக்காரர்கள் மாஸ்டரிடம் கேட்கிற முதல் கேள்வி "அமல்ராசு வாராகள்ல?" என்பதுதான். நோட்டீசில் பாடகர்களின் படத்தைவிட அவர் படம் பெரிதாக இருக்கும். அதில் பாடகர்களுக்கு எரிச்சல் உண்டு.

என் வேலை மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும். முதலில் எர்த். ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு முழம் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பியை இறக்கி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். இதைச் சோம்பினால் இரவு முழுக்க ஸ்பீக்கர் பாக்ஸில் வண்டு ரீங்காரம் போடும், பாடகர் உதட்டில் சுருக்கென்று அடிக்கும். பிறகு மிக்ஸரில் ஒவ்வொரு லைனுக்கும் கீழே வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதுவேன். ஒவ்வொரு பெயருக்கும் மேலே ஒரு குமிழ். மேலே தள்ளினால் சனத்துக்குக் கேட்கும், கீழே இழுத்தால் கேட்காது. இதுபோக, வாசிப்பவர் தன் வாசிப்பைத் தானே கேட்க மேடையில் அவரைப் பார்த்து ஒரு சின்ன பாக்ஸ் இருக்கும். அதை மானிட்டர் என்போம். அதற்குத் தனிக் குமிழ். வாசிப்பவருக்குத் தன் மானிட்டரில் கேட்பதுதான் கச்சேரி. வெளியே சனத்துக்கு என்ன போகிறது என்பது மிக்ஸரில் இருப்பவனுக்கு மட்டுமே தெரியும். இந்த ஒன்றை மட்டும் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. டெஸ்டிங் சமயத்தில் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, மைதானத்தின் கடைசிக்கு, பஞ்சுமிட்டாய்க்காரன் நிற்கிற இடத்துக்குப் போய்க் கண்ணை மூடி நிற்பார். ஒரு விரல் காட்டினால் பாட்டை ஏற்று. இரண்டு விரல் என்றால் கிட்டாரை. கையை மூடிக் காட்டினால் இறக்கு. திரும்பி வரும்போது என் தோளில் தட்டி, எதுவானாலும் "கொஞ்சம்" என்பார். "பாட்டை கொஞ்சம் ஏத்திக்க முருகேசு." "எதிரொலி கொஞ்சம் போதும்." அவர் வாயில் அந்தச் சொல் வெல்லம் மாதிரி கரையும். அவர் சொல்லி எதையும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருக்கிறது.

மிக்ஸரைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருப்போம். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் எங்கள் அசல் ரசிகர்கள். பாடகர் முகத்தைப் பார்க்க முன்வரிசைக்கு ஓடமாட்டார்கள். சவுண்டு சரியாகக் கேட்கிற இடம் மிக்ஸர் நிற்கிற இடம்தான் என்று தெரிந்தவர்கள். கச்சேரிக்கு மறுநாள் காலை கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூடி ஒவ்வொரு பாட்டாகப் பிரித்து மேய்வார்கள். அதில் இரண்டு பேர் முக்கியம். வாழைக்காய் கமிஷன் கடையில் எடை போடுகிற சேது. அவருக்கு அமல்ராஜ் அண்ணன்தான் எல்லாம். ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிற பஷீர். அவருக்கு எதுவும் கேசட்டில் கேட்பதுபோலத் துல்லியமாக இருக்கவேண்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அமல்ராஜ் அண்ணனின் தாளம் பாட்டை முந்தி ஓடத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தவன் நான். ஏனென்றால் ஒவ்வொரு ஊரிலும் அவர் மானிட்டரை ஏற்றச் சொன்னார். "கேக்கலப்பா, இன்னும் ஏத்து" என்பார். பெரிய பாக்ஸுக்குப் பக்கத்திலேயே இருபது வருடம் உட்கார்ந்தால் காது என்ன ஆகும்? பாட்டும் கிட்டாரும் அவருக்குச் சரியாக எட்டவில்லை. தன் அடியை மட்டும் கேட்டுக்கொண்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சரணத்தில் பாடகர் ஒரு இடத்தில் இருப்பார், இவர் அதைத் தாண்டி நிற்பார். பாடகர்கள் மாஸ்டரிடம் முறையிட்டார்கள்.

மாஸ்டர் மதுரையிலிருந்து ஒரு கீபோர்டுக்காரரைப் பிடித்துவந்தார். அவர் ஃப்ளாப்பியில் தாளம், பேஸ் கிட்டார் எல்லாவற்றையும் முன்பே பதிந்து வைத்திருப்பார். பட்டனை அமுக்கினால் முழுப் பாட்டும் ஓடும். டிரம்ஸை எடுத்துவிட்டு அமல்ராஜ் அண்ணனுக்கு ஆக்டோபேட் வாங்கிக் கொடுத்தார்கள். எட்டுக் கட்டம் போட்ட ரப்பர் பலகை அது. குச்சியால் தட்டினால் ரப்பரில் டொக் டொக் என்று மட்டும் கேட்கும். மற்ற சத்தம் எல்லாம் வயர் வழியாக மிக்ஸருக்கு வந்து போகவேண்டும். "கீபோர்டு சும்மா சப்போர்ட்டுக்குத்தான் அமலு" என்றார் மாஸ்டர். அண்ணன் தலையாட்டினார். புது சாமானில் அவருக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

இரண்டு தாளமும் சேர்ந்து போனால் முட்டும். முதல் கச்சேரியில் மாஸ்டர் என் தோளைத் தட்டி, "அமலை கொஞ்சம் இறக்கிக்க முருகேசு" என்றார். ஒரு நெல் அளவு இறக்கினேன். அடுத்த ஊரில் மறுபடி, "இன்னுங் கொஞ்சம்." ஒரு சீசன் முழுக்க, ஊருக்கு ஊர், நெல் அளவு. சித்திரையில் தொடங்கி ஆடி வருவதற்குள் குமிழ் அடியில் போய் முட்டி நின்றது. எந்த நாளிலும் யாரும் "அவர் அடியை நிறுத்து" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒருவேளை கேட்டிருப்பேன், ஏன் மாஸ்டர் என்று. அண்ணனின் மானிட்டரை மட்டும் நன்றாக ஏற்றிவைத்திருந்தேன். அவர் அடித்தது அவருக்கு மட்டும் இடி மாதிரி கேட்டது. எழுந்து நின்று உருட்டினார், குச்சியை எறிந்து பிடித்தார், சனம் கை தட்டியது.

ஒருநாள் சாமான் ஏற்றும்போது மாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணங்கிட்ட சொல்லிரலாமே மாஸ்டர்."

"எப்படிச் சொல்ல முருகேசு? அவுக வீட்டுல போய் ஒக்காந்து, ஒனக்குக் காது போச்சு, நீ வராதேண்டு சொல்லவா? மேடைய விட்டா அந்தாளு எங்கன போவாரு?" அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர். கொடுமை செய்கிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அண்ணனைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்தோம்.

டீக்கடையில் இந்தப் புது சவுண்டைப் பற்றிய சண்டை இரண்டு வருடம் ஓடியது. நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருப்பேன்.

"மெசினு வந்தப்பறம் கச்சேரி செத்துப் போச்சுப்பா. அந்த டிக்கு டிக்கு எவனுக்கு வேணும்?" என்பார் சேது.

"ஏன் சேதண்ணே, இப்பத்தான் தாளம் கல்லு மாதிரி நிக்கிது. முன்னாடி ஓடுனது ஒங்களுக்குக் கேக்கலையா?" என்பார் பஷீர்.

"நிக்கிதுல்ல? அது யாரு? அமல்ராசு அண்ணன் அடிதாம்லே. மெசினு பின்னாடி லேசாக் கேக்குது. முன்னாடி கணீருண்டு விழுகுது பாரு, அது கையி. மெசினால அப்படி அடிக்க முடியுமா? ஏப்பா முருகேசு, நீயே சொல்லு."

இரண்டு பேருமே என்னைப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்டது முழுக்க மெஷின். அந்தக் கணீரும் மெஷின். "ரெண்டும் கலந்துதாண்ணே போகுது" என்பேன். வாய் கூசாமல் சொன்னேன்.

இந்தச் சண்டையில் ஜெயிக்கச் சேது ஒரு வேலை செய்தார். அனுமந்தன்பட்டியில் மாதா கோயில் திருவிழாக் கச்சேரி. அண்ணனின் சொந்த ஊர். சேது ஒரு டேப் ரிக்கார்டரோடு வந்து, மிக்ஸரிலிருந்து வயர் கொடுக்கச் சொன்னார். ரசிகர்கள் அப்படிப் பதிந்துகொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான், நான் யாருக்கும் மறுத்ததில்லை. அன்றைக்கும் யோசிக்காமல் வயரைச் செருகினேன். அந்தக் கேசட்டை பஷீருக்குப் போட்டுக் காட்டி வாயை அடைத்துவிட்டு, சேது ஒரு பிரதி எடுத்து அமல்ராஜ் அண்ணனிடம் ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நான் இதை எதிர்பார்த்திருக்கவேண்டும்.

நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம், வீட்டில் உட்கார்ந்து வயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டினார்.

"இதப் போடு முருகேசு. நல்லா ஏத்தி வையி."

போட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து, பாக்ஸில் இடது காதை ஒட்டிவைத்துக்கொண்டார். இரண்டாவது சரணம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"இந்த எடத்துல எனக்கு வெரலு இழுத்துக்கிருச்சு. ஒரு வரி முச்சூடும் நான் அடிக்கல. அடி ஓடுதே."

"கீபோர்டு சப்போர்ட்டுண்ணே."

"சரி." கேசட் முடியும்வரை காதை எடுக்கவில்லை. "கடைசில, எங்க ஊருக்குண்டு எந்திரிச்சு உருட்டுனேன்ல. அது எங்கன?"

நான் ஈயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாண்ணே."

"காதருக்குத் தெரியுமா?"

"அவுக சொல்லித்தான்."

கோபித்திருந்தால், ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேது இதக் குடுத்துட்டு, கேளுங்கண்ணே எப்படி அடிச்சிருக்கீகண்டு சொல்றான்" என்று சிரித்தார். பிறகு, "வர்ற வாரம் கோம்பையில ஒரே ஒரு பாட்டுக்கு என்னைய ஏத்து. காதருக்குச் சொல்லாத. எவனுக்குத் தெரியாட்டியும் சேதுவுக்குத் தெரியும். இருவது வருசமா என் கையக் கேக்குறவன். அவன் திரும்பி என்னையப் பாத்தாப் போதும், அதோட நானே நிறுத்திக்கிறேன்" என்றார்.

இங்கேதான் நான் செய்த தவறு. உங்கள் தாளம் ஓடுகிறது அண்ணே, அதனால்தான் இறக்கினோம் என்று அப்போது சொல்லியிருக்கவேண்டும். அவர் ஏமாற்றப்பட்டதாக மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. கீபோர்டில் தாளமும் பேஸும் மெட்டும் ஒரே வயரில்தான் வருகின்றன. தாளத்தை மட்டும் தனியாக இறக்க வழியில்லை. அண்ணனை ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் கேட்கும். தெரிந்தும் "சரிண்ணே" என்றேன். எனக்கு என் பாரத்தை இறக்கவேண்டியிருந்தது.

கோம்பையில் பள்ளிக்கூட மைதானம். ஆறரை மணிக்குக் கச்சேரி, வெளிச்சம் இன்னும் இருந்தது. மூன்றாவது பாட்டு எங்கள் சொந்தப் பாட்டு, மாஸ்டர் கட்டியதிலேயே வேகமானது. பல்லவி முடிந்ததும் 'அமல்' என்று எழுதிய குமிழை மேலே தள்ளினேன்.

நாலு அடி ஒன்றாகப் போனது. ஐந்தாவதில் அண்ணன் முன்னால் போனார். மெஷின் தன் இடத்தில் நின்றது. இரண்டு அடியும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடின. பாடகி எங்கே எடுப்பது என்று தெரியாமல் விழித்தாள். அண்ணன் கீபோர்டையோ பாடகியையோ பார்க்கவில்லை. கயிற்றோரம் நின்ற சேதுவையே பார்த்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து அடித்தார்.

சேது திரும்பினார். மேடையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

"ஏலே முருகேசு, மெசினு பேய் மாதிரி ஓடுது பாரு. அதை அமத்துலே. அண்ணன் அடியக் கெடுக்குது."

பஷீரும் கயிற்றுக்கு மேலே குனிந்தார். "ஆமாண்ணே, சேதண்ணன் சொல்றது சரி. அந்த மெசினை எறக்குங்க." அவர்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பின்னால் நின்ற கூட்டமும் ஊளையிடத் தொடங்கியது. மாஸ்டர் கிட்டாரை விட்டுவிட்டு மேடையிலிருந்து மூடிய கையைக் காட்டினார்.

அண்ணனின் குமிழை அடிவரை இழுத்தேன்.

மெஷின் தாளம் மட்டும் மிஞ்சிப் போய்க்கொண்டிருந்தது, கல்லு மாதிரி. சேதுவின் முகம் மலர்ந்தது. "இதுதாம்லே கையி" என்று பஷீரின் முதுகில் அறைந்தார். மேடையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கூட்டம் கை தட்டியது. அண்ணனுக்கு இதில் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது. ஆனால் சேது என்னிடம் கையை ஆட்டியதைப் பார்த்தார், என் கை கீழே இறங்கியதைப் பார்த்தார், அதற்குப் பிறகு சேது கும்பிட்டதைப் பார்த்தார். அவர் இருபது வருடம் நம்பிய காது அது. அந்தக் காதுதான் அவரை யாரென்று தெரியாமல் விரட்டியது, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு. அவர் குச்சியை உயர்த்திச் சேதுவுக்குப் பதில் வணக்கம் காட்டிவிட்டு, பாட்டு முடியும்வரை அடித்தார். எழுந்து நின்று உருட்டவும் செய்தார்.

மாஸ்டர் பிறகு என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "கொஞ்சம் பாத்து முருகேசு."

அண்ணன் இனிமேல் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வரவேண்டாம் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அடுத்த வாரம் சின்னமனூர்க் கச்சேரிக்கு வண்டி கிளம்பும்போது எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. டெஸ்டிங் சமயத்தில் மேடையிலிருந்து இறங்கி மிக்ஸருக்கு வந்தார்.

"என் மானிட்டரு எது?"

குமிழைக் காட்டினேன்.

"அதையும் எறக்கிரு."

"அண்ணே, அப்பறம் ஒங்களுக்கு ஒண்ணுமே கேக்காதே."

"வெளிய ஒருத்தருக்கும் வேணாங்கிறத எனக்கு மட்டும் எதுக்கு ஓட்டிக்கிட்டு இருக்க? எறக்கிரு."

"வேணாம்ணே. வீட்டுல இருங்களேன்."

"வீட்டுல இருந்து என்னத்தப் பாக்க? எறக்குப்பா."

இறக்கினேன். அன்று அவர் கீபோர்டுக்காரரின் பாதம் தரையில் தட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் குச்சியைப் போட்டார். ஒரு அடி பிசகவில்லை. அண்ணன் பழையபடி திரும்பிவிட்டார் என்று மறுநாள் டீக்கடையில் சேது எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பஷீர்கூட ஒத்துக்கொண்டார். நானும் ஒரு டீயை வாங்கிக் குடித்தேன்.

போன் செய்த தம்பி எது நல்ல சவுண்டு என்று கேட்கிறார். எனக்குத் தெரியாது தம்பி. அதற்குப் பிறகும் ஆறு வருடம், முழங்கால் மேடைப் படி ஏற விடாமல் போகிறவரை, அமல்ராஜ் அண்ணன் எல்லாக் கச்சேரிக்கும் வந்து வாசித்தார். அந்த ஆறு வருடமும் அவர் அடித்த ஒரு அடியை இந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு குமிழையும் அடிவரை இழுத்து வைத்துவிட்டுத்தான் நான் மேடையைப் பார்த்து, ரெடி மாஸ்டர் என்று கை காட்டினேன்.